அமெரிக்க ஓவியத்தை நேரில் பார்க்க: எந்தப் பாணி, எந்த ஊர், என்ன செலவு

ஹட்சன் ரிவர் ஸ்கூல், இம்ப்ரெஷனிசம், ஆஷ்கேன், ரீஜனலிசம், ஹார்லெம் மறுமலர்ச்சி, அப்ஸ்ட்ராக்ட் எக்ஸ்பிரஷனிசம், பாப், மினிமலிசம். அமெரிக்க ஓவியப் பாணிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லக் கற்றுக்கொள்ள ஒரு நாள் யூடியூப் போதும். படங்களை நேரில் பார்க்கக் கிளம்பும்போதுதான் தலைவலி தொடங்கும். ஒரே கவுண்டரில் நீங்கள் 30 டாலர் கொடுப்பீர்கள், பக்கத்தில் நிற்பவர் ஐந்து டாலர் கொடுத்துவிட்டு உள்ளே போவார். ஆசையாகப் பார்க்கப் போன படம் வேறு நாட்டுக் கண்காட்சிக்கு இரவல் போயிருக்கும். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுப் போனால் வாசல் பூட்டியிருக்கும்.

நான் நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு இதையெல்லாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்கு வந்தவர்கள், படிக்க வந்த பிள்ளைகள், பேரக்குழந்தையைப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் யாரும் அதே அலைச்சலைப் படவேண்டாம். ஓவிய வரலாறு இங்கே கிடையாது, போய்ச் சேரும் வழி மட்டும்தான். விலையும் நேரமும் இதை எழுதும்போது உள்ளவை. கிளம்பும் முன் அந்தந்த மியூசியத்தின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

1. முதலில் பாணி, அப்புறம் மியூசியம்

புதிதாக வந்தவர்கள் எல்லோரும் "மெட் மியூசியம் போகலாம்" என்றுதான் கிளம்புவார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் எகிப்துப் பிரிவு நுழைவு மண்டபத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கே ஒரு மணி நேரம் போய்விடும். போர்க்கவசங்கள் இருக்கும் கூடத்தில் பிள்ளைகள் இன்னொரு மணி நேரம் நிற்பார்கள். அமெரிக்கப் பிரிவின் இரண்டாம் மாடிக்கு ஏறும்போது கால்வலியும் பசியும்தான் மிச்சம். அதனால் ஒரு தடவைக்கு ஒரு பாணி, மிஞ்சிப்போனால் இரண்டு என்று முடிவு செய்துகொண்டு, நேராக அந்த அறைக்குப் போங்கள்.

ஹட்சன் ரிவர் ஸ்கூலில் தொடங்குவது நல்லது. மலை, ஆறு, புயல் மேகம் என்று முன்படிப்பே இல்லாமல் ரசிக்கலாம். பெற்றோரை அழைத்துப் போகவும் இதுதான் தோது. தாமஸ் கோலின் 'ஆக்ஸ்போ' (1836), ஃபிரெடெரிக் சர்ச்சின் 'ஆண்டீஸின் இதயம்' (1859), பீர்ஷ்டாட் வரைந்த ராக்கி மலைத்தொடர் (1863) மூன்றும் மெட்டின் அமெரிக்கப் பிரிவைச் சேர்ந்தவை. காசு செலவழிக்காமல் பார்க்க வேண்டுமென்றால் வாஷிங்டன் நேஷனல் கேலரியில் கோலின் 'வாழ்க்கைப் பயணம்' நான்கு படங்களும் (1842) இருக்கின்றன.

வெளிச்சமும் நிறமும் கண்ணில் படும் கணத்தைப் பிடிக்கும் இம்ப்ரெஷனிசத்துக்கும் வாஷிங்டன்தான். மேரி கசாட்டின் நீல நாற்காலிச் சிறுமி (1878), சைல்ட் ஹாசமின் கொடிகள் பறக்கும் நியூயார்க் தெரு (1917) இரண்டும் அந்த நேஷனல் கேலரியுடையவை. 1900களின் தொடக்கத்து நியூயார்க் தெருவையும் குத்துச்சண்டை மேடையையும் வரைந்த ஆஷ்கேன்காரர்களில் ஜார்ஜ் பெல்லோஸை நியூயார்க்கின் விட்னி மியூசியத்திலும் வாஷிங்டனிலும் பார்க்கலாம். எட்வர்ட் ஹாப்பரை எந்தக் கூட்டத்தோடும் சேர்க்க முடியாது. ஆனால் அவர் மனைவி ஜோசஃபின் கொடுத்துச் சென்ற ஏராளமான படைப்புகள் விட்னியில் இருக்கின்றன. ஹாப்பர் பிடிக்கும் என்றால் யோசிக்காமல் அங்கே போங்கள்.

அப்ஸ்ட்ராக்ட் எக்ஸ்பிரஷனிசம் (உருவம் இல்லாமல் சாய வீச்சாலும் நிறத்தாலும் உணர்ச்சியைக் காட்டுவது), பாப் (கடைச் சரக்கு, விளம்பரம் போன்ற அன்றாட விஷயங்களை வரைவது) இரண்டுக்கும் நியூயார்க்கின் மோமா, அதாவது மியூசியம் ஆஃப் மாடர்ன் ஆர்ட். பொல்லாக்கின் 'ஒன்: நம்பர் 31' (1950), ஜாஸ்பர் ஜான்ஸின் கொடி (1954-55), வார்ஹோலின் சூப் டப்பாக்கள் 32 பலகைகளும் (1962) அதன் சேகரிப்பில் உண்டு. எளிய வடிவங்களோடு நின்றுவிடும் மினிமலிசத்துக்கு நகரத்தை விட்டு வெளியே, ரயிலேறி பீக்கன் போகவேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

2. படம் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள்

எல்லாவற்றிலும் பெரிய பொறி இதுதான். ஒரு மியூசியம் ஒரு படத்தை 'வைத்திருக்கிறது' என்றால் அது சுவரில் தொங்குகிறது என்று அர்த்தமில்லை. கிடங்கில் இருக்கலாம், பழுதுபார்ப்பில் இருக்கலாம், இன்னொரு கண்டத்தில் இருக்கலாம். நான் நாலு மணி நேரம் கார் ஓட்டிப்போய் ஒரு மியூசியத்தில் வெறும் சுவரையும், 'இரவல் கொடுக்கப்பட்டுள்ளது' என்ற துண்டுச் சீட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மியூசியத்தின் தளத்தில் 'கலெக்‌ஷன்' பகுதிக்குப் போய் படத்தின் பெயரைத் தட்டுங்கள். 'ஆன் வியூ' என்று போட்டு அறை எண்ணும் இருந்தால் கிளம்பலாம். 'நாட் ஆன் வியூ' என்றால் வேறு படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிலவற்றை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்:

வின்ஸ்லோ ஹோமர், சார்ஜென்ட் இருவரின் நீர்வண்ணப் படங்களை நம்பிப் பயணம் போடாதீர்கள். காகிதத்தில் வரைந்தவை வெளிச்சத்தில் மங்கிவிடும் என்பதால் கொஞ்ச நாள் காட்டிவிட்டு உள்ளே வைத்துவிடுவார்கள்.

ஜேகப் லாரன்ஸ் 1940-41இல் வரைந்த 'புலம்பெயர்வு' வரிசையில் 60 சிறு பலகைகள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் எழுந்த கறுப்பின மக்களின் கலை எழுச்சியான ஹார்லெம் மறுமலர்ச்சியின் தொடர்ச்சியில் வந்தவர்களில் புதியவர்களுக்கு முதலில் நான் காட்டுவது இவரைத்தான். இரட்டைப்படை எண்கள் மோமாவிடமும் ஒற்றைப்படை எண்கள் வாஷிங்டனில் உள்ள ஃபிலிப்ஸ் கலெக்‌ஷனிடமும் இருக்கின்றன. ஒரே இடத்தில் முழுக்கதையும் கிடைக்காது.

தாமஸ் ஈகின்ஸின் 'கிராஸ் கிளினிக்' (1875) அறுவைச் சிகிச்சைப் படத்தை 2007இல் 68 மில்லியன் டாலருக்கு ஃபிலடெல்ஃபியாவில் இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து வாங்கின. எனவே எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று கேட்டுவிட்டே போகவேண்டும்.

மெட்டின் நவீனக் கலைப் பிரிவை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் நடந்துகொண்டிருக்கிறது. பொல்லாக்கின் 'இலையுதிர் தாளம்' போன்றவற்றை அங்கே பார்க்கலாம் என்று நினைத்திருந்தால் கட்டாயம் சரிபாருங்கள்.

3. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

மெட்டில் பெரியவர்களுக்கு 30 டாலர். நியூயார்க் மாநிலத்தில் குடியிருப்பவர்கள் மட்டும் விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். அதற்கு நியூயார்க் டிரைவிங் லைசென்ஸ், நகர அடையாள அட்டை, நூலக அட்டை, அல்லது நியூயார்க் முகவரி போட்ட சமீபத்திய பில் வேண்டும். லைசென்ஸ் இன்னும் வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள், மின்சார பில் போதும்.

நியூ ஜெர்சிக்காரர்கள் இங்கேதான் ஏமாந்துபோவார்கள். "நியூ ஜெர்சிக்கும் உண்டாம்" என்று அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் யாராவது சொல்லியிருப்பார்கள். உண்டு, ஆனால் மாணவர்களுக்கு மட்டும். நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட் கல்லூரிகளில் படிப்பவர்கள் அடையாள அட்டையைக் காட்டி விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கும் தம்பிக்குக் கிடைக்கும், எடிசனில் வேலை பார்க்கும் அண்ணனுக்குக் கிடைக்காது. வேறு மாநிலத்தில் படிப்பவர்களுக்கு மாணவர் கட்டணம் 17 டாலர்.

பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு 65 வயது ஆகியிருந்தால் மெட், மோமா இரண்டிலும் 22 டாலர்தான். பிறந்த தேதி தெரியும்படி பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் பாஸ்போர்ட்டை சப்வேயில் தூக்கிக்கொண்டு அலையவேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு கணக்கு. மெட்டில் 12 வயதுக்குள் இலவசம், மோமாவில் 16 வரை. விட்னியில் 25 வயதுவரை எல்லோருக்கும் இலவசம். எந்த நாட்டுக்காரர், எந்த மாநிலத்தவர் என்ற கேள்வியே இல்லை. படிக்க வந்த பிள்ளைகள் இதை ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

வாஷிங்டன் நேஷனல் கேலரிக்கும் ஸ்மித்சோனியன் மியூசியங்களுக்கும் நுழைவுக் கட்டணமும் கிடையாது, அடையாள அட்டையும் தேவையில்லை. பை சோதனை மட்டும் உண்டு.

4. செலவைக் குறைக்கும் வழிகள்

விட்னியில் வெள்ளிக்கிழமை மாலை 5 முதல் 10 வரை, மாதத்தின் இரண்டாம் ஞாயிறு முழுநாள், எல்லோருக்கும் இலவசம். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். நியூ ஜெர்சியிலிருந்து பாத் (PATH) ரயிலில் 14ஆம் தெருவில் இறங்கி மேற்கே கால்மணி நேரம் நடந்தால் போதும். மோமாவின் வெள்ளி மாலை இலவசம் நியூயார்க் மாநிலத்தவர்களுக்கு மட்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பேங்க் ஆஃப் அமெரிக்கா டெபிட் அல்லது கிரெடிட் கார்டு இருந்தால், அந்த வங்கியின் 'மியூசியம்ஸ் ஆன் அஸ்' திட்டத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் முழு வார இறுதியில் பல மியூசியங்களுக்கு இலவசமாகப் போகலாம். 'முழு' என்பதைக் கவனியுங்கள். மாதம் ஞாயிற்றுக்கிழமையில் பிறந்தால் அந்த ஞாயிறு சேராது, அடுத்த சனி, ஞாயிறுதான் கணக்கு. கார்டோடு புகைப்பட அடையாள அட்டையும் கேட்பார்கள். ஒரு கார்டுக்கு ஒருவர்தான். கணவன் கார்டில் மனைவி போகமுடியாது, மனைவி பெயரிலும் கார்டு இருக்கவேண்டும். எந்த மியூசியம் பட்டியலில் இருக்கிறது என்பது மாறும். சிறப்புக் கண்காட்சிகள் இதில் வராது.

உங்கள் ஊர் நூலகத்தில் மியூசியம் பாஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். பல ஊர்களில் புத்தகம் எடுப்பதுபோலவே பாஸையும் எடுக்கலாம். கோடை விடுமுறை வாரங்களுக்கான பாஸ்கள் வெகுசீக்கிரம் தீர்ந்துவிடும்.

கூகுளில் தேடினால் மேலே வரும் டிக்கெட் விற்பனைத் தளங்களைத் தொடாதீர்கள். இலவச மியூசியத்துக்கே 'வரிசையில் நிற்காத டிக்கெட்' என்று காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள். மியூசியத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள்.

5. கிழமையும் நேரமும்

மெட் புதன் விடுமுறை, விட்னி செவ்வாய் விடுமுறை, சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் செவ்வாயும் புதனும் விடுமுறை, ஃபிலடெல்ஃபியா மியூசியமும் அப்படியே. திங்கட்கிழமை மெட் திறந்திருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. மெட்டில் வெள்ளி, சனி இரவு 9 வரை உண்டு. ஆறு மணிக்குப் பிறகு அமெரிக்கப் பிரிவில் கூட்டம் கரைந்துவிடும். வேலை முடித்துப் போகிறவர்களுக்கு அதுதான் சரியான நேரம்.

6. வாஷிங்டன்: ஒரே நாளில் பெரும்பாலான பாணிகள்

காசும் நாளும் குறைவாக இருந்து, எல்லாப் பாணியையும் ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிட வேண்டும் என்றால் இந்த ஒரு நாள் போதும். எடிசன் பக்கத்தில் இருப்பவர்கள் மெட்ரோபார்க் நிலையத்தில் காலை ஆம்ட்ராக் ரயில் பிடித்தால் சுமார் மூன்று மணி நேரத்தில் வாஷிங்டன் யூனியன் ஸ்டேஷன். நாள் நெருங்க நெருங்க கட்டணம் ஏறும், முன்கூட்டியே வாங்குங்கள். நிலையத்திலிருந்து நேஷனல் கேலரிக்கு நடந்தே போகலாம். அது காலை 10 முதல் மாலை 5 வரை.

முதலில் மேற்குக் கட்டடம். காப்லி வரைந்த 'வாட்சனும் சுறாவும்' (1778), கோலின் நான்கு படங்கள், ஹோமரின் பாய்மரப் படகு, கசாட், பெல்லோஸ். நிலத்தடி வழியாகக் கிழக்குக் கட்டடத்துக்குப் போனால் பொல்லாக், ரோத்கோ, பார்னெட் நியூமன். மதியச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக முடியாது. கட்டுச்சோறு இருந்தால் வெளியே நேஷனல் மால் என்ற பெரிய புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் உள்ளே வரலாம். டிக்கெட்டே இல்லாததால் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஐந்து மணிக்கு அங்கே கதவைச் சாத்தும்போது பலர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் திரும்பவேண்டாம். பத்து, பதினைந்து நிமிட நடையில் ஸ்மித்சோனியன் அமெரிக்கன் ஆர்ட் மியூசியம் காலை 11:30க்குத் திறந்து மாலை 7 வரை இருக்கும். பீர்ஷ்டாட்டின் சியரா நெவாடா (1868) அங்கே. அதே கட்டடத்தில் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியும் இருப்பதால் கில்பர்ட் ஸ்டூவர்ட் வரைந்த ஜார்ஜ் வாஷிங்டனின் முழு உருவப் படத்தையும் பார்த்துவிடலாம். மூன்றாம் மாடியில் லூஸ் சென்டர் என்று ஒன்று. சுவரில் இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கான பொருள்களைக் கண்ணாடி அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அலுப்பாக இருந்தாலும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: அமெரிக்க அரசின் பட்ஜெட் இழுபறியில் அலுவலகங்கள் மூடப்படும்போது இவையும் மூடிவிடும். 2019 ஜனவரியிலும் 2025 அக்டோபரிலும் அப்படி நடந்தது. அந்தப் பேச்சு அடிபடும் வாரத்தில் ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள்.

7. உள்ளே போன பிறகு

சக்கரம் வைத்த பெட்டியோடு மெட்டுக்குப் போகாதீர்கள், பை வைக்கும் பாதுகாப்பிடத்திலும் வாங்கமாட்டார்கள். முதுகுப்பையை முன்னால் மாட்டச் சொல்வார்கள். ஃபோனில் படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது, செல்ஃபி குச்சியும் கூடாது.

பிள்ளைகளுக்குத் தேடும் வேலை கொடுங்கள், பெரியவர்களும் தானாகச் சேர்ந்துகொள்வார்கள். 'ஆக்ஸ்போ'வில் கீழே பாறைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஆள் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கிறார், அதுதான் தாமஸ் கோல். 'ஆண்டீஸின் இதயம்' மூன்று மீட்டர் அகலம். இடது ஓரத்தில் வெயில் விழும் ஒரு மரத்தண்டு இருக்கிறது, அதன் பட்டையில் செதுக்கியது போலச் சர்ச் தன் பெயரைப் போட்டிருக்கிறார்.

பொல்லாக்கைப் பார்த்து "இதை என் பையனே கிறுக்குவானே" என்று சொல்லத் தோன்றும். பரவாயில்லை, சொல்லிவிட்டு கிட்டே போங்கள். நேஷனல் கேலரியின் 'லாவெண்டர் மிஸ்ட்' (1950) படத்தில் மேல் மூலைகள் இரண்டிலும் அவருடைய உள்ளங்கை அச்சுகள் பதிந்திருக்கின்றன. கறுப்பு இழை எங்கே வெள்ளைக்கு அடியில் போகிறது, எங்கே மேலே வருகிறது என்று ஒரு கோட்டை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். பெயரில் லாவெண்டர் (இளம் ஊதா) இருந்தாலும் அந்த நிறச் சாயம் படத்தில் இல்லை. இளஞ்சிவப்பும் நீலக்கறுப்பும் சேர்ந்து தூரத்திலிருந்து அப்படித் தெரிகிறது. கிட்டே என்றால் கை நீட்டினால் எட்டாத அளவுக்குக் கிட்டே. விரலால் சுட்டிக்காட்டிப் பேசும் பழக்கம் நமக்கு அதிகம், காவலர் உடனே வந்துவிடுவார்.

ரோத்கோவுக்கு அறையில் பெஞ்சு இருந்தால் உட்காருங்கள். அடர்நிறப் படங்களில் கண் பழகிய பிறகுதான் ஓரங்கள் தெரியவரும்.

8. ஊருக்கு வெளியே

ஹட்சன் ரிவர் ஸ்கூல் பிடித்துப்போனால் சர்ச் கட்டிய ஒலானா மாளிகைக்குப் போங்கள். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஊரின் அருகே, குன்றின் மேல் இருக்கிறது. தோட்டமும் பாதைகளும் இலவசம், வீட்டுக்குள் போக வழிகாட்டியோடு டிக்கெட் வேண்டும். இலை நிறம் மாறும் அக்டோபரில் முன்பதிவு இல்லாமல் போனால் வாசலோடு திரும்பவேண்டியதுதான். ஆற்றின் எதிர்க்கரையில் கேட்ஸ்கில்லில் தாமஸ் கோலின் வீடு. இரண்டையும் பாலத்தின் நடைபாதை இணைக்கிறது. ரயிலில் ஹட்சன் வரை வரலாம், ஆனால் அங்கிருந்து டாக்சி கிடைப்பது நிச்சயமில்லை. கார்தான் நல்லது.

மினிமலிசத்துக்கு கிராண்ட் சென்ட்ரலிலிருந்து மெட்ரோ-நார்த் ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பீக்கன். நிலையத்திலிருந்து டியா பீக்கன் நடக்கும் தூரம். பழைய அட்டைப்பெட்டி அச்சுத் தொழிற்சாலை, பெரும்பாலும் இயற்கை வெளிச்சம்தான். குளிர்காலத்தில் சீக்கிரம் மூடுவார்கள், மதியம் தாண்டிக் கிளம்பாதீர்கள்.

லாங் ஐலண்டின் ஈஸ்ட் ஹாம்ப்டன் பக்கம் பொல்லாக், லீ கிராஸ்னர் தம்பதியின் வீடு இருக்கிறது. கொட்டகைத் தரையில் இன்னும் சாயச் சிதறல் அப்படியே கிடக்கிறது. காலணியைக் கழற்றிவிட்டு அவர்கள் கொடுக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டு அதன்மேல் நடக்கலாம். கோடையை ஒட்டிய மாதங்களில் மட்டும், முன்பதிவோடு.

9. கிழக்குக் கரையில் இல்லாதவர்களுக்கு

சிகாகோவில் இருந்தால், அமெரிக்கக் கிராமப்புற வாழ்க்கையை வரைந்த ரீஜனலிசம் உங்கள் வாசலில். கிராண்ட் வுட்டின் 'அமெரிக்கன் காதிக்' (1930), ஹாப்பரின் 'நைட்ஹாக்ஸ்' (1942) இரண்டும் ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டுடையவை. வெளியூர்க்காரர்களுக்கு 32 டாலர், இல்லினாய், சிகாகோவாசிகளுக்குக் குறைவு, 14 வயதுக்குள் இலவசம். குளிர்காலத்தில் மாநிலத்தவர்களுக்கு இலவச நாள்களை அறிவிப்பார்கள்.

ஹூஸ்டனில் ரோத்கோ சேப்பல் (1971), அவருடைய 14 படங்களோடு, இலவசம். உள்ளே பேச்சும் கூடாது, ஃபோட்டோவும் கூடாது.

வால்மார்ட் வேலைக்காக ஆர்கன்சாவின் பென்டன்வில்லுக்கு வந்திருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர். "இந்த ஊரில் என்ன இருக்கிறது" என்று புலம்பும் முன் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் மியூசியத்துக்கு ஒருமுறை போய்விடுங்கள். 2011இல் திறந்தது, நிரந்தரச் சேகரிப்புக்குக் கட்டணமில்லை. காலனி காலத்திலிருந்து இன்றுவரை அமெரிக்கக் கலை மட்டுமே. கோலின் நினைவாக டுராண்ட் வரைந்த 'ஒத்த உள்ளங்கள்' (1849), நார்மன் ராக்வெல்லின் 'ரோஸி' (1943), ரோத்கோவின் ஆரஞ்சு (1960) எல்லாம் அந்த ஒரே மியூசியத்தின் சொத்து. நியூயார்க்கில் இதற்கு மூன்று டிக்கெட் எடுக்கவேண்டியிருக்கும். சிறப்புக் கண்காட்சிக்கு மட்டும் தனிக் காசு, செவ்வாய் விடுமுறை.